மடையான் சட்டை மாற்றும் மாதம்

மாசியில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், இலை கொட்டும். இலை முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பத்துப் பதினைந்து நாளில் நிரை நிரையாக மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். பால் குறையும், சம்பளம் குறையும், கடைக்காரரின் 555 புத்தகத்தில் நம் பெயருக்குக் கீழே கடன் ஏறும். மலேசியாவில் எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானைச் சுற்றி இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைதான். பால் மரம் பார்க்க வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும். ஆனாலும் முப்பத்தாறு வருடம் பால் வெட்டிய என் அப்பாவுக்கு வருடம் இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

"இலை கொட்டுற நேரத்துலதாம்மா எல்லாம் கிளம்பும்" என்று ஒருநாள் சொன்னார். தோட்டத்தை விட்டுப் போன ஆட்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது பறவைகளை.

2017 நவம்பரில் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிப்போய், தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடமைப்புப் பகுதியில் நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. நாய் துரத்துகிறது, மோட்டார்க்காரப் பையன்கள் உரசிக்கொண்டு போகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து, கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். தாமான் ஆலாம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். புக்கிட் மெலாவாத்திக் குன்றின் அடிவாரத்தில், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. சிலாங்கூர் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் சேர்ந்து 1987இல் உருவாக்கிய இடம். நடுவில் வெட்டிய ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, அந்தப் பக்கம் மண் கரை, கரைக்கு அப்பால் அலையாத்திக் காடு, அதற்கும் அப்பால் சேறும் கடலும்.

நடக்கப் போனோம். இரண்டாவது ஞாயிறே நடை பாதியில் நின்றுவிட்டது. ஏரி ஓரப் பலகையில் அப்பா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் விளிம்பில் ஒரு பழுப்புக் கொக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"மடையான்" என்றார்.

அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டி சொல்லிக்கொடுத்த பெயராம். எனக்கு அது வெறும் கொக்கு. பழுப்பு முதுகு, கழுத்தில் கோடு கோடாகக் கீற்று, அழுக்குத் துணி போல ஒரு நிறம். படமெடுக்கக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கொக்குதான் அடுத்த ஐந்து மாதங்களில் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது.

பறவைகளின் வலசை என்றால் நாமெல்லாம் அவை வருவதைத்தான் நினைக்கிறோம். செப்டம்பர், அக்டோபரில் வடக்கே குளிர் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாக வருகின்றன என்று படிக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். திரும்பிப் போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் நாட்டில் வசந்தம் என்று ஒரு பருவம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அதே காலம் விடைகொடுக்கும் காலம். சைபீரியா, மங்கோலியா, சீனா, கொரியா, ஜப்பான் என்று அங்கங்கே கூடுகட்டப் போக வேண்டிய பறவைகள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முடிய நம் தலைக்கு மேலேயும் நம் தோட்டத்து மரங்கள் வழியாகவும் வடக்கே நகர்கின்றன. கிழக்காசிய ஆஸ்திரலேசிய வான்பாதை என்று இதற்குப் பெயர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ரஷ்யாவின் வடகோடி, அலாஸ்கா வரை நீளும் அந்தப் பாதையின் ஓரத்தில்தான் நம் செம்பனைத் தோட்டங்களும் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது இந்தத் திரும்பும் பயணத்தைத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். வரும்போது அவை களைத்து, நிறம் மங்கி, எதுவென்றே அடையாளம் தெரியாமல் வருகின்றன. போகும்போது கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போகின்றன.

மடையானுக்கு வருகிறேன். அப்பா பழைய பழக்கத்தில் ஒரு 555 புத்தகம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தோட்டக் கடையில் அரிசி, பருப்புக் கடன் எழுதிய அதே வகைச் சின்னப் புத்தகம். பென்சிலால் தேதி போடுவார், பெயர் போடுவார், எண்ணிக்கை போடுவார். "2018 ஜனவரி 14, மடையான் 11, சாம்பல் நாரை 6, ருவாக் ருவாக் 2." ருவாக் ருவாக் என்பது வெள்ளை நெஞ்சு நீர்க்கோழிக்கு இங்கே உள்ள பெயர். பெயர் தெரியாவிட்டால் படம் வரைவார். கால் நீளமா குட்டையா, அலகு நேரா வளைவா, வாலை ஆட்டுகிறதா இல்லையா என்று எழுதிவைப்பார். இந்த வாலாட்டும் குறிப்பு எவ்வளவு உதவியது என்று பிறகுதான் தெரிந்தது. ஏரிக் கரையில் ஒரு சின்ன உள்ளான் (சேற்றுக் கரையில் மேயும் பறவை வகை), நிற்கும்போதெல்லாம் பின்பக்கத்தை ஊஞ்சல்போல் ஆட்டிக்கொண்டே இருக்கும். அது சாதா உள்ளான். அந்த ஆட்டம் ஒன்றே போதும், நிறம் பார்க்கத் தேவையே இல்லை.

பிப்ரவரி கடைசிவரை மடையான் அதே அழுக்குத் துணிதான். மார்ச் முதல் வாரம் ஒன்றின் கழுத்தில் கீற்றுகளுக்கு நடுவே செம்பழுப்புத் திட்டு ஒன்று தெரிந்தது. சேறு ஒட்டியிருக்கிறது என்றேன். அப்பா இல்லை என்று தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து அந்தத் திட்டு பரவியிருந்தது. மார்ச் 25 ஞாயிறு, தலையும் கழுத்தும் நல்ல காசுக்கட்டி நிறம், முதுகில் கரும்பலகை நிறத்தில் மெல்லிய இழைகள் தொங்கின. மார்பு விளிம்பிலிருந்து வயிறுவரை வெள்ளை. அலகு மஞ்சள், நுனி மட்டும் மையில் தொட்டதுபோல் கறுப்பு. ஐந்து மாதமாக நான் கண்ணெடுத்துப் பார்க்காத அதே கொக்கு, அதே கல், அதே இடம்.

பூங்காவில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். பார்த்துவிட்டுச் சிரித்தார். "துக்கார் பாஜு" என்றார். சட்டை மாற்றிவிட்டது.

அவர்தான் விளக்கினார். குளிர்காலத்தில் இங்கே நிற்கும் மடையான்கள் எல்லாம் ஒன்றுபோலவே பழுப்பாக இருக்கும். சீன மடையான் எது, ஜாவா மடையான் எது என்று நல்ல அனுபவசாலிகளும் அப்போது சொல்ல மாட்டார்கள். மார்ச், ஏப்ரலில் இனப்பெருக்கச் சிறகு முளைத்ததும் விஷயம் தெளிவாகிவிடும். தலையும் கழுத்தும் செம்பழுப்பு, முதுகு கறுப்புச் சாம்பல் என்றால் சீன மடையான். தலையும் கழுத்தும் மங்கலான தங்க நிறம், முதுகு கறுப்பு என்றால் ஜாவா மடையான். அவசரப்பட்டு ஜனவரியில் பெயர் எழுதாதீர்கள், மடையான் என்று மட்டும் எழுதுங்கள், ஏப்ரலில் பறவையே தன் பெயரைச் சொல்லிவிடும் என்றார். புதிதாகப் பறவை பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதையேதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவைத்தால் புத்தகம் முழுக்கப் பிழையாகிவிடும்.

இதே மாற்றத்தைப் பார்க்கப் பூங்காவரை போகவும் வேண்டாம். தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலும் மாட்டுக்குப் பின்னாலும் திரியும் வெள்ளைக் கொக்கைப் பாருங்கள், உண்ணிக்கொக்கு. மார்ச் பிற்பாதியில் அதன் தலை, மார்பு, முதுகெல்லாம் ஆரஞ்சாகிவிடும். நான் பிறந்ததிலிருந்து வெள்ளைக் கொக்கு ஒரு இனம், ஆரஞ்சுக் கொக்கு வேறு இனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நேரம். இதில்தான் நாங்கள் நிறைய ஞாயிறுகளை வீணாக்கினோம். பத்து மணிக்கு மேல் போவோம். வெயில் ஏறியிருக்கும், உள்ளான் வகை ஒன்றைக்கூடக் காணாது. மடையானும் நாரையும் மட்டும் நிற்கும். உள்ளான்கள் வரவில்லை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்திருந்தேன். உண்மையில் அவை எல்லாம் கடற்கரைச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. கடல் வற்றியிருக்கும்போது சேறு திறந்திருக்கும், புழு, நண்டு, சிப்பி கிடைக்கும், அவை ஏன் ஏரிக்கு வரப்போகின்றன? கடல் ஏறிச் சேற்றை மூடினால்தான் நிற்க இடம் தேடி உள்ளே வரும். கரையோரத்திலோ, தண்ணீர் வற்றிய ஏரித் திட்டிலோ கூட்டமாக ஒற்றைக்காலில் நின்று தூங்கும்.

இதைப் பாக்சிக் சொன்னதும் அப்பா உடனே கேட்டார், "அப்போ அமாவாசை, பௌர்ணமி பார்த்து வரணும், அப்படித்தானே?" அப்படியேதான். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் மிக அதிகமாக ஏறும். எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே கால்வாசி வேலையைச் செய்துவிட்டது. மீதிக்கு அலை அட்டவணை வேண்டும். கிள்ளான் துறைமுகத்துக்கான உயர் அலை நேரங்களைக் கைப்பேசியில் பார்க்கலாம். எங்கள் கரையில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் உயர் அலை காலை ஏழு, ஏழரை மணிக்கு வரும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம்.

2018 மார்ச் 4, ஞாயிறு. மாசி மகம் முடிந்த வாரம். கடல் முழுதாக ஏறியிருந்தது. மண் கரையில் ஏறி நின்றோம், கொசு மொய்த்தது, அகாஸ் என்கிற பொடிப் பூச்சி கடித்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. "தியூ, தியூ, தியூ" என்று மூன்று மூன்றாக. கடல் பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் துணியை உதறியதுபோல் கூட்டம் ஒன்று அலையாத்தி உச்சிகளைத் தாண்டி வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஏரித் திட்டில் இறங்கியது. பவளக்காலிகள். கால் அவ்வளவு சிவப்பு. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அப்பா எண்ணத் தொடங்கினார். மரத்தை எண்ணிப் பழகிய கை, பென்சிலால் காற்றில் கோடு போட்டுப் பத்துப் பத்தாகப் பிரித்தது. 84 என்று எழுதினார். எனக்கு 60, 70 என்றுதான் தோன்றியது. பிறகு நான் எடுத்த படத்தில் மகனோடு உட்கார்ந்து புள்ளி புள்ளியாக எண்ணினோம். 86.

அவற்றோடு ஓரமாக ஐந்து உப்புக்கொத்திகள் நின்றன. முதுகில் பொன்துகள் தூவியதுபோல் இருந்தது. பசிபிக் பொன் உப்புக்கொத்தி என்று பாக்சிக் சொன்னார். இரண்டின் வயிற்றில் கறுப்பு படர ஆரம்பித்திருந்தது. சைபீரியாவின் துந்திரம் என்கிற மரமில்லாத குளிர்ச் சமவெளியிலும் அலாஸ்காவிலும் கூடுகட்டுகிற பறவை அது. அங்கே போய்ச் சேரும்போது முகத்திலிருந்து வயிறுவரை கறுப்பாகியிருக்குமாம். இங்கே நம் சேற்றில் தின்று கொழுத்த கொழுப்புதான் அதற்கு வழிச்செலவு. அதனால் இந்த இரண்டு மாதமும் அவை மேயும்போதோ கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும்போதோ கிட்டே போய்க் கிளப்பிவிடுவது பெரிய பாவம். ஒவ்வொரு தடவை பயந்து பறக்கும்போதும் சேர்த்துவைத்த கொழுப்பு கொஞ்சம் கரைகிறது. நல்ல படத்துக்காகச் சிலர் கை தட்டிக் கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தலை தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாலே நாம் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அப்படியே நின்றுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஏரியில் தண்ணீர் அளவு கூடியிருந்தால் உள்ளான்கள் இறங்குவதில்லை. அவற்றின் கால் எவ்வளவோ அவ்வளவுதான் அவற்றின் உலகம். மழை பெய்து ஏரி நிரம்பிய வாரங்களில் திட்டு மூழ்கிவிடும், கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறெங்கோ போய்விடும். அந்த நாட்களில் கரைப் பாதையில் நடந்து ஈப்பிடிப்பான், கீச்சான், கதிர்க்குருவி தேடினோம்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். 8x42 என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடும், வயதானவர்களின் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. நீளக்கை சட்டை, கொசு மருந்து, தண்ணீர். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போகாதீர்கள், குரங்குக்குப் பையைக் கண்டாலே தெரியும். பூங்காவின் பாதைகளைப் பழுதுபார்க்க அவ்வப்போது மூடுவதுண்டு, போகும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

அந்த மார்ச் 11 ஞாயிறு அப்பாவைத் தஞ்சோங் துவானுக்குக் கூட்டிப்போனோம். போர்ட் டிக்சன் பக்கத்தில், ஆனால் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான முனை, உச்சியில் கலங்கரை விளக்கம். வடக்கே திரும்பும் பருந்துகள் சுமத்ராவின் ரூப்பாட் தீவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து இறங்குவது இங்கேதான். சுமார் 38 கிலோமீட்டர் கடல். இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச்சில் இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. நாங்கள் போனது விழா நாள் அல்ல.

குன்றுச் சாலையில் அப்பா நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறினார். பத்தரை மணிவரை ஒன்றும் வரவில்லை. காலையிலேயே போய்க் காத்திருந்து ஒன்பது மணிக்குச் சோர்ந்து இறங்கிவிடுபவர்கள் உண்டு, அந்தத் தவறைச் செய்யாதீர்கள். பருந்து வெயிலில்தான் கிளம்பும். நிலம் சூடேறினால் சூடான காற்று மேலே எழும். பருந்து அந்தக் காற்றில் ஏறி வட்டமடித்து உயரம் பிடித்து, இறக்கை அடிக்காமல் அடுத்த இடத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகும். கடலுக்கு மேல் அப்படிப்பட்ட காற்று அவ்வளவாக எழாது. அதனால் ரூப்பாட்டில் முடிந்த அளவு உயரம் ஏறிக்கொண்டு, கடலுக்கு மேல் உயரத்தை இழந்துகொண்டே, கடைசியில் சிறகடித்து வர வேண்டியிருக்கிறது.

பதினொன்றேகாலுக்குக் கடல் மேல் ஒரு புள்ளி. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. எங்கள் தலைக்கு மேல் மரக்கிளை உயரத்தில் ஒரு தேன்பருந்து வந்தது. பைனாகுலர் தேவைப்படவில்லை. புறாவின் தலையைப் பருந்து உடம்பில் வைத்ததுபோல் சின்னத் தலை, நீண்ட கழுத்து. அலகு பாதி திறந்திருந்தது. சிறகை அடித்து அடித்துக் காட்டின் விளிம்பை எட்டியதும், அடிப்பதை நிறுத்தி இறக்கையை விரித்து அப்படியே நின்றதுபோல் தெரிந்தது. பிறகு ஒரு வட்டம், இன்னொரு வட்டம், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் மேலே போய்விட்டது. அப்பா கையைக் கூப்பினார். கருடனைக் கண்டால் கூப்புவது அவர் வழக்கம். கருடன் செம்பருந்துதான், இது வேறு என்று நான் சொல்லவில்லை.

தேன்பருந்து குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து அதிலுள்ள புழுக்களைத் தின்னும். ஜப்பானில் கூடுகட்டும் தேன்பருந்துகளுக்குக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்தவர் ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற ஆய்வாளர். சீனா வழியாக இறங்கி, மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து இந்தோனேசியா வரை சுமார் 10,000 கிலோமீட்டர் வருகின்றன என்று அதில் தெரியவந்தது. அன்று பகல் இரண்டு மணிவரை 555 புத்தகத்தில் 212 பருந்து. அப்பா மதிய மாத்திரையை மறந்துவிட்டார். அதற்காக நான் அவரைக் கோபித்துக்கொண்டேன். இப்போதும் சொல்கிறேன், வயதானவர்களோடு போனால் மாத்திரைக்குக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லது மட்டும் எழுதினால் சரியாக இருக்காது. என் கையில் ஒரு பறவை செத்தது.

நான் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி, அதாவது எழுத்தர். மார்ச் கடைசி வாரம், காலை ஆறரைக்கு வேலைக்குப் போனபோது அலுவலகக் கண்ணாடிச் சன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு பறவை கிடந்தது. உள்ளங்கை அளவு. பச்சை முதுகு, இறக்கையில் மின்னும் நீலம், வெளிர்மஞ்சள் நெஞ்சு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அப்படி ஒரு நிறத்தை நான் சேலையில்தான் பார்த்திருக்கிறேன். உயிர் இருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. பதறிப்போய்ப் பஞ்சில் தண்ணீர் நனைத்து அலகில் சொட்டினேன். தலையை உதறியது, அலகோரம் ஒரு குமிழி வந்தது, கொஞ்ச நேரத்தில் கழுத்து என் பெருவிரல் மேல் சாய்ந்துவிட்டது. அடிபட்டதால் செத்ததா, நான் விட்ட தண்ணீரால் செத்ததா என்று எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. பறவைக்கு மூச்சுத் துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. மயங்கிக் கிடக்கும் பறவையின் வாயில் தண்ணீர் விட்டால் நேராக மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று அன்று அழுதேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்து பாக்சிக் நீலச்சிறகுப் பிட்டா என்றார். தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்கிறார்களே, அதன் உறவு. பிட்டா மட்டுமில்லை, வலசை போகும் சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. விளக்கு வெளிச்சம் அவற்றைத் திசை தவற வைக்கிறது, கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தை உண்மை மரம் என்று நம்பி மோதுகின்றன. எங்கள் ஆலையில் விடிய விடிய விளக்கு எரியும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அதே சன்னலுக்குக் கீழே இன்னொன்று. இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. அச்சுத்தாள் வந்த அட்டைப்பெட்டியில் பேனாவால் துளைகள் போட்டு, அடியில் துண்டு விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடி, எடைமேடைச் சத்தம் எட்டாத சாமான் அறையில் வைத்தேன். நொடிக்கொரு தடவை திறந்து பார்க்கத்தான் மனசு துடிக்கும். திறக்கக் கூடாது. இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. பெட்டியை ஆலைக்குப் பின்னால் ஆற்றோர மரங்களுக்கடியில் கொண்டுபோய் வைத்துத் திறந்தேன். வெளியே தத்தி வந்தது, வாலை இரண்டு தடவை ஆட்டியது, இலைச் சருகில் நான்கு தத்து, பிறகு நீலமாக ஒரு கோடு. அவ்வளவுதான். தேறாமல் போனால் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்ள முடியாது, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது.

மேலாளரிடம் போய்ப் பேசினேன். ஆலை விளக்கை அணைக்க முடியாது, பாதுகாப்பு வேண்டும் என்றார், அது நியாயம். அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் உள்விளக்கை அணைத்துத் திரை இறக்க ஒத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளிப்பக்கம் நானே வெள்ளை நாடாவை இரண்டு அங்குல இடைவெளியில் செங்குத்தாக ஒட்டினேன். உள்பக்கம் ஒட்டினால் பிம்பம் மறையாது, வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும். ஒரே ஒரு பருந்துப் பட ஸ்டிக்கர் ஒட்டுவது எந்தப் பயனும் தருவதில்லை. அதன் பிறகு அந்தச் சன்னலுக்குக் கீழே நான் பறவை எதையும் பார்க்கவில்லை.

கடைத்தெரு மின்கம்பிகளில் மாலையானால் தகைவிலான் குருவிகள் வந்து அடைவதையும் சொல்ல வேண்டும். தெலுக் இந்தான், பெந்தோங் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கில் அடையும். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. எச்சம் விழுகிறது என்று பட்டாசு கொளுத்தி விரட்டுகிறார்கள். ஏப்ரலில் அவை தாமாகவே போய்விடும், அதுவரை கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைக்கு ஒரு கேன்வாஸ் கட்டினால் போதும் என்று எங்கள் காப்பிக்கடை அண்ணனிடம் சொன்னேன். கட்டினார்.

ஏப்ரல் 8 ஞாயிறு, ஏரியில் மடையான் 7, ஏழும் செம்பழுப்புத் தலை. அவற்றின் நிற்பே மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரே கல்லில் மணிக்கணக்கில் நிற்கும். இப்போது இடம் மாறிக்கொண்டே இருந்தன, விடாமல் மீன் குத்தின. சித்திரைப் புத்தாண்டு கழிந்து போனபோது 3. பவளக்காலிக் கூட்டம் அமாவாசையை ஒட்டி வந்தது, ஆனால் பாதிக்கும் குறைவு. உப்புக்கொத்திகளைக் காணவே இல்லை.

ஏப்ரல் 29, பௌர்ணமி அன்றே வந்தது. அப்பா பலகையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஏரியைப் பார்த்தார். ருவாக் ருவாக் ஒன்று குஞ்சுகளோடு புல்லுக்குள் ஓடியது. நடைபாதை மணலில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக்கொண்டிருந்தன. அவை இங்கே குஞ்சு பொரிக்க வந்தவை. அந்தக் கல் காலியாக இருந்தது.

அப்பா 555 புத்தகத்தை எடுத்தார். தேதி போட்டார். மடையான் என்று எழுதி, பக்கத்தில் 0 போட்டார். கொஞ்சம் யோசித்து, அந்தச் சுழியத்தை அடித்துவிட்டு, "போயாச்சு" என்று எழுதிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"செப்டம்பர்ல எந்த வாரம்மா வரும்?" என்று மோட்டாரில் ஏறும்போது கேட்டார்.